கயாவில் விட்ட கோகோ

காசிக்குப் போய் வருகிறவர்கள் கங்கைச் சொம்போடு ஒரு சின்னப் பொய்யையும் சேர்த்துத்தான் கொண்டு வருகிறார்கள் என்பது என் கட்சி. அந்த யாத்திரையில் கயாவும் உண்டு. அங்கே ஆலமரத்தடியில் பிண்டம் வைத்து முடித்ததும், தனக்குப் பிடித்த ஒரு காய், ஒரு பழம் இரண்டையும் இனிமேல் தொடுவதில்லை என்று விட்டுவிட்டு வர வேண்டும். அதில் 'பிடித்த' என்ற சொல்லை மட்டும் எல்லோரும் ரயிலிலேயே விட்டுவிடுவார்கள். எங்களோடு வந்த பூந்தமல்லித் தம்பதி அவகாடோவை விட்டார்கள். அதை அவர்கள் சூப்பர் மார்க்கெட்டில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஆவடிக்காரர் ஒருவர் துரியனை விட்டார். நான் கொத்தவரங்காயையும் விளாம்பழத்தையும் விட்டேன். இரண்டும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. இனிமேல் சாமி பெயரைச் சொல்லித் தட்டின் ஓரத்தில் தள்ளிவிடலாம்.

என் வீட்டுக்காரர் காய்க்கு முருங்கைக்காய் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் அது அவருக்கு உயிர். பழத்துக்குக் கோகோ என்றார்.

"அது பழமா?" என்று கேட்டார் புரோகிதர். காசியிலிருந்து எங்களைக் கூட்டி வந்தவர், தலைமுறைகளாக அங்கேயே இருக்கும் தமிழர். யாத்திரைக்காரர்களின் எத்தனையோ தந்திரங்களைப் பார்த்தவர்.

"பழந்தான் சாமி. கெளையில இல்ல, அடிமரத்துலயே பப்பாளி மாரி தொங்கும். உள்ள கொட்ட இருக்கும். அத்த வறுத்து அரைச்சாத்தான் சாக்லேட்டு."

"அப்போ சாக்லேட்டை விடுறீரா?"

"கோகோ எது எதுல கீதோ அத்தனையும் வுடறேன் சாமி."

புரோகிதர் அவரை மரியாதையோடு பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் வாயில் அப்போது ஒரு சாக்லேட் இருந்தது.

இந்த வைராக்கியம் ரயிலில் பிறந்தது. போகும் வழியில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு ஃபோனில் ஒரு படம் பார்த்திருக்கிறார், ஆப்பிரிக்கக் கோகோத் தோட்டங்களைப் பற்றியது. இறங்கி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. எனக்கும் காட்டினார். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பையன், கையில் பெரிய வெட்டுக்கத்தி. கோகோக் காயை ஒரு கையில் ஏந்தி மறு கையால் போட்டுப் பிளக்கிறான். முழங்காலுக்குக் கீழே பழைய வெட்டுத் தழும்புகள். கொட்டை மூட்டையை அவன் தலையில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டியிருக்கிறது. அவனுக்குப் பின்னால், பெருங்காடு இருந்த இடத்தில் வெறும் அடிக்கட்டைகள். காட்டை அழித்துக் கோகோ வைக்கிறார்கள், மண்ணில் சத்து போனதும் அடுத்த காட்டுக்கு நகர்கிறார்கள். இத்தனைக்கும் அவன் அப்பாவுக்குக் கிடைக்கிற விலை வீட்டுச் சாப்பாட்டுக்கே காணாது. சாக்லேட் தின்றிருக்கிறாயா என்று பையனைக் கேட்கிறார்கள். அவன் சிரிக்கிறான்.

அந்தச் சிரிப்பு என்னையும் உலுக்கியது, அதில் பொய் இல்லை. கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் இறங்கவில்லை. நாக்பூர் தாண்டியதும் இறங்கியது. என் கைப்பையில் சாவி இல்லாத நாள் உண்டு, சாக்லேட் இல்லாத நாள் கிடையாது. இவர் அப்படி இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். தேறாத பாகத்தின் மேல் சிவப்பு மை வைப்பதுதான் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மை அவர் கையில் காய்வதில்லை.

இதெல்லாம் எங்கள் வீட்டோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் என் நாத்தனார், இவருடைய ஒரே தங்கை, சாக்லேட் செய்து விற்கிறாள். கொரட்டூரில் மாமனாரின் நெல் வயலை அடுக்ககம் கட்டக் கொடுத்தபோது பங்காக இரண்டு வீடு வந்தது. அண்ணனுக்கு மூன்றாவது மாடி, தங்கைக்கு இரண்டாவது. அவள் கணவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அந்த ஆளுக்காக இதற்கு மேல் ஒரு வரி வீணாக்க மாட்டேன். மகள் கல்லூரியில் படிப்பதும் வீட்டில் அடுப்பு எரிவதும் அவள் ஊற்றுகிற சாக்லேட்டில்தான்.

கடையில் காம்பவுண்ட் என்று கட்டியாக விற்பார்கள். அதை வாங்கி வந்து உடைத்து, கொதிக்கிற தண்ணீர் மேல் கிண்ணம் வைத்து உருக்கி, அச்சில் ஊற்றி, ஃபிரிட்ஜில் இறுகவிட்டு, பளபளக்கும் தாளில் சுற்றுவாள். முந்திரி வைத்தது, பாதாம் வைத்தது, நடுவில் பாகு வைத்தது என்று வகை வகையாக. உடைந்ததெல்லாம் எனக்கு. நான் கீழே போகிற நாளில் உடைசல் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும்.

காசியிலிருந்து வந்ததும் இவர் பிரசாரத்தைத் தொடங்கினார். அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டார். லிஃப்டுக்குக் காத்திருக்கிறவர்களிடம் பேசினார். பிறந்தநாள் ஆர்டர் கொடுக்க வந்தவர்களை மாடிப்படியில் மறித்து, காடு எப்படி அழிகிறது என்று கையை வீசிக் காட்டினார். இரண்டு மூன்று பேர் அப்படியே திரும்பிப் போனார்கள். தங்கையின் பிழைப்பில் மண் போடும் எண்ணம் அவருக்குத் துளியும் கிடையாது. "நா சொல்றது ஒலகத்துக்கு. பாப்பாவுக்கு இல்ல" என்பார். நாற்பதைத் தாண்டிய தங்கை அவருக்கு இன்னமும் பாப்பாதான். அந்த உலகம் மாடிப்படி வழியாகத்தான் பாப்பா வீட்டுக்கு வருகிறது என்பது அவருக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் அவள் சமையலறையில் காம்பவுண்ட் கட்டியின் உறையைக் கையில் எடுத்துப் படித்தார்.

"பாத்தியா, பாமாயிலு. இதுக்கும் எங்கியோ காட்ட வெட்டிகினுதான் கீறான். கொரங்குங்கல்லாம் ஊடில்லாம நிக்குது பாப்பா."

நாத்தனார் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். "ண்ணா, இந்த வடைய எதுல சுடறேன்னு நெனக்கிற? ரேஷன்ல வாங்கின பாமாயிலு. நீ துன்னு. கொரங்குக்கு நா பதில் சொல்லிக்கிறேன்."

கையில் எடுத்த வடையைக் கடிக்கவும் மனமில்லாமல் கீழே வைக்கவும் மனமில்லாமல் நின்றார். கடைசியில் கடித்தார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டார்.

தை பிறந்ததும் ஒரு பெரிய ஆர்டர் தேடி வந்தது. சென்னீர்குப்பத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய மண்டபத்தில் கல்யாணம். பெண்ணின் அம்மா பொள்ளாச்சிக்காரர். மகள் ஐடியில் வேலை பார்ப்பதால் இங்கே ஃபிளாட் வாங்கிக் குடியேறியவர். தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாகச் சாக்லேட் போட வேண்டும் என்பது கல்யாணப் பெண்ணின் ஆசை. "எங்க தோப்புத் தேங்காய்ங்க. ஆனா இங்க ஆரு எடுத்துட்டுப் போறாங்க? சேருக்கு அடியிலயே விட்டுட்டுப் போயிடறாங்க" என்றார் அந்த அம்மா. நாத்தனாருக்கு இப்படி ஒரு ஆர்டர் அதுவரை வந்ததில்லை. இது கைகூடினால் மகளின் கடைசி வருடப் படிப்புக்கு யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம். அதை என்னிடம் சொன்னபோது அவள் குரலே மாறியிருந்தது.

மாதிரி பார்க்க அந்த அம்மா வந்த நேரத்தில், பாத்திரம் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் இவரும் இறங்கி வந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். வந்தவர் மரியாதைக்காக, "நீங்களும் ஒண்ணு எடுத்துக்குங்க" என்று தட்டை நீட்டினார்.

"இல்லம்மா, கயாவுல வுட்டுட்டேன்."

"அட, சாக்லேட்டைங்களா? ஏனுங்க?"

அவ்வளவுதான். நான் இருமினேன். கண்ணைக் காட்டினேன். கடைசியில் இடுப்பில் கிள்ளினேன். "ஏன் கிள்ற?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டுத் தொடர்ந்தார். ஃபோன் வெளியே வந்தது, படம் ஓடியது. மூட்டையைத் தலையில் ஏற்றும் இடம் வந்ததும் இவர் வழக்கம்போல மூக்கை உறிஞ்சினார். அந்த அம்மா பாதி கடித்த சாக்லேட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். நாத்தனாரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நல்ல காரியத்துல இது வேண்டாமுங்க" என்றார் அந்த அம்மா. கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க அண்ணன் தோப்புல தென்னைக்கு ஊடால கோகோ போட்டிருக்கறாங்க. நம்ம கொட்டையவே அனுப்பி வெச்சா, நீங்களே அதுல சாக்லேட் பண்ணித் தர முடியுமுங்களா? அப்படின்னா நான் வேற எடமே பாக்க மாட்டேனுங்க."

நாத்தனார் வாயைத் திறப்பதற்குள், "ஷோக்கா செஞ்சுடலாம்மா!" என்றார் இவர்.

அந்த அம்மா போனதும் நாத்தனார் கதவைச் சாத்தினாள். "ஏண்ணா, கொட்டைலருந்து சாக்லேட்டு நா எந்தக் காலத்துல செஞ்சுகீறேன்? வாயி உன்னுது, கையி என்னுதா?"

ஆனால் ஆர்டரை விட முடியாது. யூடியூபில் தேடித் தேடிப் பார்த்தாள். பொள்ளாச்சியிலிருந்து கோகோக் கொட்டை பார்சலில் வந்து சேர்ந்தது. சாக்லேட் வாசனை வரும் என்று நான் ஆசையாக மூட்டையில் மூக்கை விட்டேன். புளித்த பழையசோற்று நெடி அடித்தது. அவள் அதை இரும்புச் சட்டியில் ஈடு ஈடாக வறுத்தாள். வறுபட்ட பிறகுதான் வாசனை என்று ஒன்று எழுந்து மாடிப்படி முழுக்க நிறைந்தது. அதற்கப்புறம் தோல் உரிக்க வேண்டும். ஒவ்வொரு கொட்டையாக, நகத்தால். உரித்ததை முறத்தில் போட்டு பால்கனியில் புடைத்தாள். தோல் பறந்து போய் முதல் மாடிக்காரர்களின் ஈரத் துணிகளில் ஒட்டிக்கொண்டது. அவர்கள் சண்டைக்கு வந்து, வாசனையில் மயங்கி, காபி குடித்துவிட்டுப் போனார்கள். இவர் தினமும் சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்து, "இதான் பாப்பா சுத்தமான வேல" என்று சொல்லிவிட்டு மாடியேறுவார். நானும் வந்து பருப்பை இரண்டு வாயில் போட்டுக்கொண்டு, கசக்கிறது என்று குறை சொல்லிவிட்டு மாடியேறுவேன்.

அரைப்பதற்கு எங்கள் இட்லி கிரைண்டர் போதாது. தெருமுனையில் மாவு விற்கிறவர் ஓரங்கட்டி வைத்திருந்த பெரிய கிரைண்டரை வாங்கி வந்து, கார் நிறுத்துகிற இடத்தில் வைத்து ஓட்டினோம். கோகோ மணிக்கணக்காக அரைபட வேண்டும். பருப்பு முதலில் நொய்யாகி, பிறகு சேறாகி, அதில் சர்க்கரை விழுந்து, மெல்ல மெல்லப் பளபளவென்று ஓட ஆரம்பித்தது. குடியிருப்பே இறங்கி வந்து வேடிக்கை பார்த்தது. நாத்தனார் முதன்முறையாகச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அட்டைப் பெட்டி வாங்க அம்பத்தூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். அண்ணனைக் கூப்பிட்டு கிரைண்டர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். "குந்திகினு பாத்துக்கோ. எதையும் தொடாத." அவரும் வாட்ச்மேன் மாதிரி விறைப்பாக உட்கார்ந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு மாவு அரைப்பது இவர்தான். கல்யாணமான நாளிலிருந்து அது அவர் வேலை. உளுந்து இறுகிக் கல் திணறினால், பக்கத்துச் சொம்பிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளித் தெளிப்பார். தமிழ்நாட்டில் கிரைண்டர் ஓட்டிய எந்தக் கையும் அதைத்தான் செய்யும். அன்றைக்கும் கல் கொஞ்சம் திணறியிருக்கிறது. குடிக்க வைத்திருந்த சொம்புக்குக் கை தானாகப் போயிருக்கிறது. சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், ஓடிக்கொண்டிருப்பது களிமண்ணாகத் திரண்டுவிடும் என்பது அந்தக் கைக்குத் தெரியாது. திரண்டதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு கை தெளித்திருக்கிறார்.

நான் இறங்கி வந்தபோது கல் நின்றுபோயிருந்தது. உள்ளே சிமென்ட் கலவை. இவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அசடு வழிய நின்றார். "ஒரு சொட்டுத்தான்டி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது. கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, கொட்டை அத்தனையும் அதற்குள்தான் இருந்தது.

நாத்தனார் வந்தாள். பெட்டிகளைக் கீழே வைத்தாள். உள்ளே பார்த்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன், கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவளை அப்படிப் பார்க்க என்னால் தாங்கவில்லை, அழுதுவிட்டேன்.

என் அழுகைதான் அவளை எழுப்பியிருக்க வேண்டும். "நீ ஏன் அண்ணி அழுவுற, சும்மா இரு" என்று எழுந்தாள். ஒரு விரலால் அந்தக் களிமண்ணை வழித்து நாக்கில் வைத்தாள். "ருசி எங்கியும் போவல. சாக்லேட்டு ஆவாட்டி இன்னா, பர்பி ஆவட்டும்."

பாலைச் சுண்டக் காய்ச்சி, நெய் விட்டு, அந்தக் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கிளறினாள். பெரிய உருளி, பெரிய கரண்டி. நானும் மாற்றி மாற்றிக் கிளறினேன். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தோள் விட்டுப்போனது, அவள் நிறுத்தவில்லை. தட்டில் கொட்டி, ஆறவிட்டு, வில்லை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு முந்திரி பதித்தாள். பொள்ளாச்சி அம்மாவுக்கு ஃபோன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் வந்து ஒன்றை வாயில் போட்டார். கண்ணை மூடினார். "நம்மூட்டுப் பலகாரமாட்டவே இருக்குதுங்க" என்றார். இவருக்கு மட்டும் அது என்ன ருசி என்று தெரியாது. குனிந்து மோந்து பார்த்து, "பாஸ்" என்றார்.

கல்யாணத்தன்று தாம்பூலப் பை கொடுக்கிற மேசை பக்கத்தில் இவர் போய் நின்றுகொண்டார். யாரும் கூப்பிடவில்லை. பையை வாங்கிப் பிரித்துப் பார்த்தவர்களிடமெல்லாம், "சுத்தமான கோகோம்மா. இதுக்காவ ஒரு காட்ட வெட்டல. ஒரு புள்ள மூட்ட தூக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜனம் பக்தியோடு கேட்டது. சிலர் அங்கேயே தின்றுவிட்டு இன்னொரு பை கேட்டார்கள். நாத்தனார் அவருக்குப் பின்னால் நின்று அத்தனையும் கேட்டாள்.

வீடு திரும்பும்போது அடுக்ககத்தில் லிஃப்ட் ஓடவில்லை. முந்தின மாதத்திலிருந்தே பழுது. மூவரும் படியேறினோம். முதல் மாடி திருப்பத்தில் அவள் நின்றுவிட்டாள்.

"ண்ணா, அந்த மூட்ட எப்டி மேல வந்துச்சுன்னு தெர்யுமா?"

அவர் புரியாமல் பார்த்தார்.

"ஆட்டோக்காரன் கேட்டாண்ட எறக்கிட்டு பூட்டான். நாந்தான் தூக்கினு வந்தேன். இதே படில. ரெண்டு தபா எறக்கி வெச்சு ஏத்தினேன். தூக்கி வுட ஆளில்ல. இங்க பாரு." கைகளை விரித்துக் காட்டினாள். கட்டைவிரல் நகங்கள் பிய்ந்து, ஓரமெல்லாம் கறுத்திருந்தன. "ஒரு வாரம் உரிச்சேன். தாவு தீந்துடுச்சு. நீ டெய்லி வந்து எட்டிப் பாத்து, சுத்தமான வேலன்னுட்டுப் பூட்ட. அந்தப் புள்ள மூட்ட தூக்குறான்னு ரயில்ல அழுத, மாடில அழுத, கல்யாணத்துல வந்து அழுவுற. உன் ஊட்டுக்குக் கீழ தானே நானும் கீறேன்?"

மேலே எங்கோ குக்கர் விசில் அடித்தது.

"நாளைக்குக் காம்பவுண்ட் கட்டி வாங்கப் போறேன். பாமாயிலோ இன்னாவோ, அத ஒடைக்கலாம், உருக்கலாம், ஊத்தலாம். என் ஒடம்பு அதுக்குத்தான் ஆவும்" என்று சொல்லிவிட்டு அவள் ஏறிப் போய்விட்டாள். எனக்குக் கோபமெல்லாம் இவர் மேல்தான். ஆனால் பருப்பை வாயில் போட்டுக்கொண்டு மாடியேறியவள் நானும்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரத்திலேயே அந்தப் பர்பி கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மண்டபத்துக்கு வந்தவர்கள், அவர்கள் சொல்லி அனுப்பியவர்கள். அவள் எல்லோரிடமும் இல்லை என்று சொல்லி அனுப்பினாள். ஒருநாள் சாயங்காலம் இவர் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் சட்டையைக் கூட மாற்றாமல் கீழே இறங்கினார். நான் கைப்பிடிச் சுவர்மேல் எட்டி ஒட்டுக்கேட்டேன்.

"பாப்பா, உரிக்கிறது பொடைக்கிறது என்னுது. தூக்குறதும் என்னுது. நீ அடுப்பாண்ட மட்டும் நில்லு."

"நாலு நாளைக்கு செய்வ."

"செய்றனா பாரு."

"தண்ணி சொம்ப கிட்ட கொண்டாந்தே, அவ்ளோதான்."

அப்படித்தான் அது தொடங்கியது. எங்களுடைய மூட்டையால் ஆப்பிரிக்காவில் ஒரு மரமும் பிழைத்திருக்காது, ஒரு பையனும் பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டான். அது எனக்குத் தெரியும், இவருக்கும் இப்போது தெரியும். என் கைப்பையில் அந்தப் பழைய சாக்லேட் இன்னமும் இருக்கிறது, குறைந்திருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நாத்தனாரின் மகள் கடைசி வருடம் படித்துக்கொண்டிருக்கிறாள். தினமும் சாயங்காலம் இவர் கீழ் வீட்டு பால்கனியில் முறத்தோடு உட்கார்ந்து, ஒருபோதும் வாயில் போடப்போகாத கொட்டையை உரிக்கிறார். கட்டைவிரல் இரண்டிலும் துணி சுற்றியிருக்கிறது.

போன வாரம் பொள்ளாச்சியிலிருந்து அடுத்த பார்சல் வந்தது. லிஃப்ட் மறுபடியும் பழுது. இவர் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, முதல் மாடி வரை வந்து, மூச்சு வாங்க நின்றார். நாத்தனார் மேலிருந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். அடுக்ககத்துக்குப் புதிதாகக் குடிவந்த ஐடிக்காரப் பையன் ஒருவன் எதிரே இறங்கி வந்தான். சிரித்த முகம், காதில் இயர்ஃபோன். இவரைக் கண்டதும் அதைக் கழற்றினான்.

"சார், நீங்கதானே ஆப்பிரிக்கா கோகோ பத்திப் பேசுவீங்க? குரூப்ல சொன்னாங்க. எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க சார், ரொம்ப இன்ட்ரஸ்டிங்கா இருக்கும்."

முன்பானால் மூட்டையை அங்கேயே இறக்கி வைத்து, ஃபோனை எடுத்திருப்பார். இப்போது கழுத்தைத் திருப்பக்கூட முடியாமல், வியர்வை கண்ணில் இறங்க, அவனைப் பார்த்தார்.

"அப்பாலிக்கா சொல்றேன் நைனா. இப்ப இந்தப் பக்கம் ஒரு கை புடி."